ஐம்பது

சுருதி மெல்ல மெல்ல ஏறுகிறது.
வாசித்தவர் ஏற்றவில்லை.
கல்யாணப் பெண்ணுக்குக் கொலுசு கொடுக்கப் போன நான்
நாயனச் சத்தம் கேட்டு நின்றுவிட்டேன்.
நாகலூர்க் குளிரில்
என் டேப்ரிக்கார்டரின் நாலு பேட்டரியும்
செத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.
மோட்டார் சோர்ந்தால் நாடா மெதுவாய் ஓடும்.
மெதுவாய்ப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால்
நடந்து வந்த தோடி
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
ஓடத் தொடங்கும்.

இது அப்போது தெரியாது.
ஹெட்டைத்தான் சந்தேகப்பட்டேன்.
கொலுசுக்குப் பற்றவைக்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
பக்கத்து ஸ்குரூவைக் கால் திருப்பு, அரைக்கால் திருப்பு.
ஸ்பிரிட் பஞ்சு பழுப்பாய் வந்தது.
டால்பியைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
சத்தம் தெளிந்தது.
சுருதி மட்டும் ஏற்காட்டுப் பஸ் மாதிரி
ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் கொஞ்சம் மேலே.

பெல்ட் மாற்றினேன். அதுதான் தப்பு.
புது பெல்ட் இறுக்கத்தில்
மெஷின் நாடாவைத் தின்றுவிட்டது.
பின்பாதி முழுக்க
இடியாப்பம்.

மிச்சம் இருந்தது
எட்டு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றிய ஃபைல்.
நானே சுத்தம் செய்தது.
மைக் செட்டின் அந்த 'உம்ம்ம்' இரைச்சலை
அடியோடு வெட்டி எறிந்து
பெர்னதெத்துக்குப் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள்.
டியூட்டி முடிந்து செவ்வாய்ப்பேட்டை மாடிக்கு
லேப்டாப்போடும் தட்டுவடை செட்டோடும் வந்தாள்.
கேட்டாள். தலையில் கை வைத்தாள்.
"அளக்க ஒரு கோல் வேணும்ல?
கரண்டோட இரைச்சல் ஐம்பது ஹெர்ட்ஸ்.
நெஞ்சுத் துடிப்புக்குள்ள அது புகுந்து நெளியும்,
நாள் முழுக்க அதை வடிகட்டுறதுதான் என் வேலை.
இங்க அதுதான் சாட்சி.
சாட்சியையே
வெட்டிட்டியே."

இருநூற்று நாற்பது ரூபாய் கட்டி
டவுன்லோட் செய்தோம்.
ஆத்தூர் சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவருக்கு
ஒரு மாதம் கேசட்டைக் கொடுத்திருந்தேன்.
அங்கிருந்து எங்கெங்கோ போயிருக்கிறது போல.
இருபத்திநாலு பிட், மூல ஒலிநாடாவிலிருந்து, என்று போட்டிருந்தது.
கூடவே ஒரு குறிப்பு:
"தாரமங்கலம் குழந்தைவேல்
ஆவேசத்தின் உச்சத்தில்
ஒரு முழுக் கட்டை சுருதியை உயர்த்தி வாசிக்கும் அதிசயம்."

பேட்டரிக்கு யாரும்
இவ்வளவு மரியாதை செய்ததில்லை.

பெர்னதெத் வரைபடத்தைத் திறந்தாள்.
பதினாறாயிரத்துக்கு மேலே
கத்தியால் சீவியது போல் வெறுமை.
எம்பி3க்குப் பெரிய சட்டை போட்டு விற்றிருக்கிறார்கள்.
முலாம்.
எனக்குத் தெரியாத தொழிலா?

ஆனால் அடியில்,
யாரும் துடைக்க மெனக்கெடாத அடியில்,
ஒரு மெல்லிய கோடு இருந்தது.
தொடக்கத்தில் ஐம்பது.
பல்லவி முடிகையில் ஐம்பத்திரண்டு.
கடைசியில் ஐம்பத்தாறு.
அந்த இரைச்சலை நான் அவ்வளவு ஆசையாய்
ஒருநாளும் பார்த்ததில்லை.

கோட்டைப் பிடித்து நிமிர்த்தினோம்.
இரவு ஒன்றரை.
தோடி நின்றது.
தவிலுக்குத் தோல் திரும்பி வந்தது.
ஒட்டுக்காரருக்கு மூச்சு வாங்குவது கேட்டது.

தனி ஆவர்த்தனத்துக்கு முன் ஒரு கீச்சுக் குரல் இருக்கும்;
யாரோ குழந்தை என்றே இத்தனை நாள் விட்டிருந்தோம்.
இப்போது அது மீசை முளைத்த குரலாகி
தெளிவாய்க் கேட்டது:

"டேய், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கா பாரு!"

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் தட்டுவடையைப் பார்த்தாள்.
ஜெனரேட்டருக்கு ஏது ஐம்பது?
சீரியல் பல்பு போட்டால் இறங்கும்,
அணைத்தால் ஏறும்.

கோலே ஆடியிருக்கிறது.

"எவ்வளவு ஆடியிருக்கும்?" என்றேன்.
"ஒண்ணு. ஒண்ணரை."
"நாயனக்காரருக்குத் தெரிந்திருக்குமா?"
"அவருக்கு எதுக்கு?
அவர்கிட்ட ஒட்டு இருந்துது."

மறுபடி ஒருமுறை கேட்டோம், முழுசாக.
சேமிக்கும்போது பெயர் கேட்டது.
பெர்னதெத் தட்டினாள்:
நாகலூர், தோடி,
சுமார் ஐம்பது.